வல்லூற்றுக்கு மாமியார் கிடையாது

சிட்லபாக்கம்
ஏப்ரல் 2007

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் எப்சிக்கு, அம்மா முத்தங்களோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் ஆபேல் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். உன் மாமியார் தபீதாள் அம்மாவும் சுகமாக இருப்பார்கள், இருக்கட்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் தபீதாள் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள், மனம்விட்டு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஏசுபாதம் சார் மகள் உங்கள் ஊருக்கு வருகிறாள், அவளிடம் இதையும் பிரசவ லேகியத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது எப்சி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுக்குச் சொந்தம், அது யாரும் மாற்றாத வழக்கம். அத்தைக்கு ஏற்கெனவே விசா இருக்கும்மா, இந்தத் தடவை அவங்க வரட்டும், நீங்க அப்புறமா வந்து ஆறு மாசம் இருங்க என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய். அப்புறமாக வந்தால் பச்சைப்பிள்ளையையா பார்ப்பேன், தவழுகிற பிள்ளையைத்தான் பார்ப்பேன். அவர்கள் கிளம்பும்போது கோயிலில் ஞாயிறு ஆராதனையில் ஐயர் எழுந்து தபீதாள் அம்மாவின் பிரயாணத்துக்காக ஜெபித்தார், எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். சொல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். வெளியே வந்ததும் என்னோடு வேலை பார்த்த நாகலக்ஷ்மி டீச்சர் தெருவில் பார்த்து, ஏன் டீச்சர் நீங்க போகலையா என்று கேட்கிறாள், கண் கலங்கிவிட்டது, வெயில் கண்ணைக் கூசுது என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் உன் மாமியார் போனில், உங்க பொண்ணு என் கைச்சோறு சாப்பிட்டாத்தான் தூங்குறா என்கிறார்கள். நான் இத்தனை வருஷம் பிசைந்து ஊட்டியது எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் மனசை ஆற்றத்தானே உங்கள் ஆபீஸ் பக்கத்துக் கட்டிடத்து உச்சியில் வல்லூறு கூடு வைத்ததைக் கேமரா வைத்துக் காட்டுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னாய். தினமும் பார்க்கிறேன். இங்கே விடிந்து பால் காயும்போது அங்கே சாயங்கால வெயில், கூட்டில் முட்டைகள் செங்காவி நிறத்தில் கிடக்கும். அடிக்கடி படம் அப்படியே நின்றுபோகும், அப்பா எதையோ பிடுங்கி மாட்டுவார், திரும்ப வரும். இரண்டு பறவை வரும் என்று உனக்குத் தெரியும். ஒன்று சின்னதாய், பாவம்போல, முட்டைமேல் மெள்ள உட்காரும். கொஞ்ச நேரத்தில் பெரியது வந்து இறங்கி அதை இடித்துத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது, சின்னதுதான் தாய், பெரியது அதன் மாமியார் என்று. பெற்றவளையே அடைகாக்க விடாமல் விரட்டுகிறாயே, உனக்கு அடுக்குமா என்று தினமும் திட்டினேன். சின்னது ஓரமாய் நின்று பார்ப்பதைப் பார்த்து ஒருநாள் அழுதும்விட்டேன்.

அந்த அழுகையைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இருந்ததை முழுக்கப் படித்தார். ஏ ரத்தினம், பெருசுதான் தாய், சின்னது அதோட புருஷன், மாமியார்னு அங்க ஒருத்தரும் கெடையாது என்று சொல்லிச் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளும் ஒரு தாயை உட்கார்த்தி வைத்துத் திட்டியிருக்கிறேன், ஒரு ஆம்பிளைக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறேன். அதைவிட, அந்தப் பெரிய பறவைமேல் இப்போது முன்னைவிடப் பொறாமையாக இருக்கிறது. நேற்றுக் குஞ்சு பொரித்துவிட்டது. புருஷன் இரையைக் கொண்டுவந்து தானே ஊட்டப் பார்த்தான், இவள் அதைப் பிடுங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்பிவிட்டுத் துளித்துளியாய்க் கிள்ளி ஊட்டினாள். அப்படிப் பிடுங்கிக்கொள்ளத் தெரியாமல்தானே நான் கோயிலில் ஆமென் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் மாமியார் கெட்டவர்கள் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது, உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சாப்பிடு, குழந்தை பிறந்த பிறகுதான், இப்போதே ருசி பார்க்காதே. தபீதாள் அம்மா வேறு மருந்து கொண்டுவந்திருந்தால் அதை மாப்பிள்ளைக்குக் கொடு. இரவில் குழந்தை அழுதால் அவரையும் எழுப்பு, ஆண் வல்லூறே அடைகாக்கும்போது அவருக்கு என்ன.

கர்த்தர் உன்னையும் உன் கர்ப்பத்தின் கனியையும் ஆசீர்வதித்து, சுகப்பிரசவம் தந்து காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே மகளே. முதலில் தூக்குவது அவர்கள்தான், குளிப்பாட்டுவதும் அவர்கள்தான், அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பிறந்த செய்தியை நீ சொல்ல வேண்டும், உனக்கு முடியாவிட்டால் மாப்பிள்ளை சொல்லட்டும். ரத்தினபாய், நீங்க பாட்டி ஆயிட்டீங்க என்று அவர்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ளக் கூடாது.

உன்னைப் பெற்ற அம்மா,
ஞா. ரத்தினபாய்