ஆளுக்குப் பாதி உடற்பயிற்சி

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று பேச்சை மாற்றிவிடுகிறார், நீயும் கோபப்படாதேம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் கோபப்பட்டு முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது.

விஷயம் இதுதான். உன் பிரசவத்துக்கு நான் விமானத்தில் வரலாம் என்ற கடிதத்தில் டாக்டரம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிரஷர் இப்படி ஏறி நிற்கும்போது அவ்வளவு நீண்ட விமானப் பயணத்துக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்திருந்தேன், அது வாயைப் பிளந்துகொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே வயிறு எரிகிறது. எனக்கும் உன் அப்பாவுக்கும் பிரஷர், சுகர் இரண்டும் இருப்பது உனக்குத் தெரியும். போன முறை போனபோது, தினமும் வேர்க்கிற மாதிரி வேகமாக நடங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள், இல்லாவிட்டால் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கடைக்கு வந்தோம். நம் கடை வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு சட்டை வந்தால் வெட்டுவதும் தைப்பதும் அவர், காஜாவும் பட்டனும் இஸ்திரியும் நான். அதே புத்தி. நடை என் பங்கு, தூக்குவது உன் பங்கு என்று உன் அப்பா பிரித்தார், நானும் அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக்கை நாலு அடுக்காக அவரே தைத்துக் கொடுத்தார், அதைக் கதவுப் பிடியில் மாட்டி இழுத்தேன். எடைக்குக் கடை இஸ்திரிப் பெட்டி. அவர் காலையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மெஷினுக்கு மோட்டார் வைத்த பிறகு காலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இந்த முறை ரிசல்ட் வந்தது. அவருக்குப் பிரஷர் இறங்கியிருக்கிறது, சுகர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குச் சுகர் இறங்கியிருக்கிறது, பிரஷர் அசையவில்லை. மாடிப்படி ஏறினால் முன்பு மாதிரியே மூச்சு வாங்குகிறது. என்னதான் செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, உன் அப்பா பெருமையாகப் பங்கு பிரித்த கதையைச் சொன்னார். அந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு, மாத்திரையையும் இப்படித்தான் ஆளுக்குப் பாதியா முழுங்குறீங்களா என்று கேட்டார். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நடந்தால் இதயமும் ரத்தக்குழாயும் பழகும், தசைக்கு வேலை கொடுத்தால் அது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சம் ரெண்டும் ரெண்டுக்கும் உதவும், ஆனா உங்களுக்கு ஒண்ணு மட்டும் பத்தாது என்றார். எப்படித் தூக்குகிறீர்கள் காட்டுங்கள் என்றார், பக்கத்தில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக் காட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தூக்குகிறேனாம், அப்படிச் செய்தால் அந்த நேரத்தில் பிரஷர் எகிறுமாம், மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டுமாம். இதை யார் எனக்குச் சொன்னார்கள்? அடுத்த மாதம் திரும்பப் பார்த்து, இறங்கியிருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார்.

வெளியே வந்ததும் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, என் பங்கு ஒழுங்கா நடந்திருக்கு பாத்தியா என்றார். பஸ் வரும்வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை நான். இதற்கு நடுவில் நீ வேறு, கவலைப்படாதேம்மா, மாப்பிள்ளையின் அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்கிறாய். அவர் நல்ல மனுஷி, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு வலி வரும்போது அந்த அறை வாசலில் நான் நிற்க வேண்டும். பெற்றவள் நான்தானே. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது இரண்டு பேரும் இரண்டையும் செய்கிறோம். காலையில் சேர்ந்து நடக்கிறோம், அவர் சைக்கிள் கடைக்காரரிடம் பேச நின்றால் நான் நிற்பதில்லை. சாயங்காலம் எலாஸ்டிக்கும் இஸ்திரிப் பெட்டியும். அந்தப் பெட்டி நீ பிறந்தபோது இருந்த எடைதான் இருக்கும். நேற்று உன் அப்பா அதை ஒற்றைக் கையில் பிடித்து வீசிக்கொண்டிருந்தார், பிள்ளையை இப்படியா பிடிப்பாங்க, கழுத்தைத் தாங்குங்க என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூச்சை விடு, மூச்சை விட்டுக்கொண்டே வாங்கிக்கோ என்று என்னிடம் நீட்டினார்.

நீ இரும்பு மாத்திரையை மறக்காதே, கால் வீங்கினால் மாப்பிள்ளையிடம் மறைக்காதே. எனக்கென்று ஒதுக்கி வைத்த அந்தச் சின்ன அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நூறு வயது வாழ வேண்டும்.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா