ராசப்பன் சைக்கிள் விளக்கு

ராசப்பன் அப்பாவுக்கு,

கப்பைக் கிழங்கு வேகவச்சு மூடியிருக்கேன், மீன்குழம்பு சட்டியில இருக்கு. நான் சுக்கு கிடங்கு வேலைக்குப் போறேன். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு லோகாம்பாள் அக்காகிட்ட குடுத்துடுங்க.

நம்ம பிள்ளை ராசப்பன் நம்மளை விட்டுப் போய்ச் சேர்ந்தப்புறம் அவன் சைக்கிள்ல யாரும் கைவைக்கக் கூடாதுன்னு கத்தினீங்க. வச்சுட்டேன். டைனமோவையும் விளக்கையும் கழட்டி, சைக்கிள் கடைச் சேட்டனை வச்சு உங்க வண்டியில மாட்டிட்டேன். நேத்து விளக்கில்லாம இருட்டுல வண்டியோட ஓடையில விழுந்து முழங்காலைப் பேத்துக்கிட்டு வந்தீங்களே, அதைப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணுமா? கண்ணாடியும் குஞ்சமும் அவன் வண்டியிலேயே இருக்கு. உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?

திட்டுறதை வந்து திட்டுங்க.

சந்தனமாரி

பெல்லை மாத்தல, உங்க பழசுதான். தெருமுனை திரும்பும்போதே அடிச்சிடுங்க. அந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தா, அவன்தான் வர்றான்னு எழுந்து ஓடி வந்துருவேன்.