தங்கத்தில் படக்கூடாத கிரீம்

என் ஈஸ்வரி அக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உன்னிடம் அழுதிருக்கிறேன். இன்று சண்டை போட வந்திருக்கிறேன். செத்தவளோடு என்ன சண்டை என்று ஊரார் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் கேட்டது நினைவிருக்கிறதா? கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது, சிறுநீர் நுரைநுரையாகப் போகிறது என்று நாம் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். "லேகியம், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? முகத்துக்குக் கிரீம் எதுவும் போடுறீங்களா?" என்று கேட்டார். நீ என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பவுடர் மட்டுந்தான் சார்" என்றாய்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "போடி இவளே, ஒன் கடைக்கு ஏதாச்சும் வில்லங்கம் வந்துறப் போகுது. கிரீமுக்கும் கிட்னிக்கும் என்னத்த இருக்கு?" என்றாய். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது அக்கா. இதை ஒப்புக்கொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நானும் அந்த அறையில்தான் நின்றேன், எனக்கும் வாய் இருந்தது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போடியில் எனக்கு ஒரு சின்ன ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, ரிப்பன், அதோடு அந்த வெள்ளை டப்பா கிரீம். வெளிநாட்டுச் சரக்கு என்று ஏஜென்ட் கொண்டுவந்து போட்டான். டப்பாவில் நமக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் பத்தே நாளில் முகம் வெளுத்தது. ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவர்கள் வாங்கினார்கள், போடிமெட்டு ஏறி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள், பெண் பார்க்கும் நாள் குறித்த வீடுகளில் எல்லாம் வாங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் வாங்கியவள் நீ. கருப்பி கருப்பி என்று கூப்பிட்ட மாமியார் வீட்டில் நாலு வருஷம் அதைத் தடவினாய்.

ஏஜென்ட் ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னான். தங்கத்தில் படக்கூடாது. அதை நான் எவ்வளவு அக்கறையாக எல்லோருக்கும் சொன்னேன் தெரியுமா? "கம்மலக் கழட்டி வச்சிட்டுத் தடவு ஆத்தா, மோதிரத்துல பட்டுறாம." நீகூடத் தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கண்ணாடி முன்னால் நிற்பாய். தங்கம் தாங்காததைத் தோல் எப்படித் தாங்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நகையைப் பத்திரமாக வைத்துவிட்டு முகத்தைக் கொடுத்தோம்.

அப்படியும் ஒரு நாள் உன் மோதிரம் வெளுத்து வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. கலப்படத் தங்கத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நாம் இரண்டு பேரும் நகைக்கடைக்குப் போய் நின்றோமே! அங்கிருந்த ஆசாரி மோதிரத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "இதுல பாதரசம் பட்டிருக்கு தாயி. எங்க போயித் தொட்டீக?" என்றார். "பாதரசத்துக்கு நாங்க எங்க போறது? ஒங்க கடை லட்சணத்த மறைக்கப் பாக்காதீக" என்று நீ சத்தம் போட்டாய், நான் பின்னால் நின்று ஒத்து ஊதினேன். மனுஷன் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அன்று அவர் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

நீ போன மறு வருஷம் ராசிங்காபுரத்து ஜெயா கடைக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது, கால் செருப்புக்குள் போகவில்லை. அவளிடமும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவள் பொய் சொல்லவில்லை, டப்பாவையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சோதித்துப் பார்த்ததில் பாதரசம். "ஒங்க கடைல வாங்குனதுதான்க்கா. இனிமே தடவாதன்னு சொல்லிட்டாக. ஒங்கள்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிரீமை நிறுத்தி மருந்து சாப்பிட்டாள், சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. இப்போது மறுபடியும் காய் பொறுக்கப் போகிறாள்.

நீயும் காட்டியிருந்தால்? மதுரைக்குப் போய் அந்த டாக்டரிடமே உண்மையைச் சொன்னேன். உன் பீரோவில் மிச்சமிருந்த டப்பாவையும் கொடுத்தேன். அதிலும் பாதரசம்தான். "அதுதான் காரணமா இருந்திருக்கணும். நிறுத்தியிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா தெரிஞ்சிருந்தா, முதல்ல அதைத்தான் நிறுத்தச் சொல்லியிருப்பேன்" என்றார். பஸ்சில் போடி வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடையில் இருந்த டப்பாக்களை எல்லாம் அதிகாரிகளிடம் கொடுத்துப் புகார் எழுதினேன். "ஊர்ல எல்லாருந்தான் விக்கிறாக. வெளிய சொன்னா ஒங்களுக்குத்தாங்க்கா கெட்ட பேரு" என்றான் ஏஜென்ட். "வரட்டும்டா. எனக்கு வர வேண்டிய பேருதான அது" என்றேன்.

சாப்பாட்டு நேரம் பார்த்துக் குடோனுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருத்தி, "விக்கிறப்ப தெரியலையா ஒனக்கு?" என்று கேட்டாள். இன்னொருத்தி தூக்குச்சட்டியை மூடியபடி, "பச்சச் சாயம் போட்ட ஏலக்காய ஈரத்துணில தேச்சுப் பிடிச்சிருவோம். மூஞ்சிக்கு வாங்குனத ஒரு நா திருப்பிப் பாக்கலையே" என்றாள். மறுநாள் நாலு பேர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்போது லென்ஸ் வைத்துப் படித்துவிட்டுத்தான் எதையும் அடுக்குகிறேன். வாயில் நுழையாத பெயர் எல்லாம் விஷம் இல்லையாம். பாதரசம் கலப்பவன் அதை டப்பாவில் எழுதவும் மாட்டானாம். அதனால் யார் செய்தது, எங்கே செய்தது, என்ன லைசென்ஸ் என்று இல்லாத எதுவும் என் கடைக்குள் வராது. பத்து நாளில் சிவப்பாக்குகிறேன் என்கிறவன் படியேறவே வேண்டாம்.

போன வாரம் உன் மகள் சுகந்தியைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாகத்தான் சொன்னார். "பொண்ணு லட்சணமா இருக்கா. கல்யாணத்துக்குள்ள நிறத்த மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்ருங்க. ஒங்க கடையிலயே கிரீமு இருக்குமே." நம் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வாயைத் திறக்காதே என்று. திறந்தேன்.

"இவ ஆத்தா அந்தக் கிரீமத் தடவித்தான் செத்தா. வித்தவ நாந்தான்" என்றேன்.

"செத்தவள எதுக்குடி சபையில இழுக்குறே?" என்று அண்ணன் எழுந்துவிட்டார். அறைக்குள் இருந்து சுகந்தி வந்தாள். "சித்தி சொல்றது நெசந்தான். எனக்கு இந்த நிறம் போதும். ஒங்களுக்குப் போதுமான்னு பேசிட்டுச் சொல்லுங்க" என்றாள். கலந்து சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். இன்னும் பேச்சே காணோம். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. மிஞ்சின கேசரியைச் சுகந்திதான் தின்று தீர்த்தாள்.

உனக்கு இதெல்லாம் பிடிக்காது, தெரியும். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும் என்பாய். முடியாது அக்கா. எனக்காக நீ மறைத்தாய், நான் மறைக்க மாட்டேன். இனி எந்தச் சபையில் யார் கேட்டாலும் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்தே சொல்வேன். கடை போனாலும் சொல்வேன். உன் மகளுக்கு இன்னும் எத்தனை வரன் தட்டிப்போனாலும், அவள் பக்கத்தில் நின்று சொல்வேன். கோபம் வந்தால் கனவில் வந்து திட்டு. வரும்போது உன் சொந்த முகத்தோடு வா, அந்தக் கருத்த முகத்தோடு. அதைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா