இறக்கத்தில் பின்பக்கமாக

என் அதிகாரக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. ஹப்சிகுடா வீட்டில் எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. நான் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். என் சமையல் அப்படி. நீ இருந்தால் ஹாலில் இருந்தபடியே, "தாளிப்பு கருகுதுடா, எதுக்கு இவ்வளோ தீ?" என்று கத்தியிருப்பாய். இப்போது கருகியது கருகியபடியே தட்டுக்கு வருகிறது.

உன் வீல்சேரை ஜன்னலோரம் நிறுத்தி வைத்தேன். தெருவில் உருண்ட சக்கரம் பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? வெளியே போய் வந்தால் வாசலிலேயே ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்த பிறகுதான் உனக்கு உள்ளே வர அனுமதி. நீ போன பிறகு அந்தச் சக்கரம் எங்கும் போகவில்லை. ஆனாலும் சாயங்காலமானால் நான் ஈரத்துணியோடு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். எதைத் துடைத்தேன் என்று கேட்காதே. அந்த வேளையில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காமல் கேள். நான் வாத்தியார் ஆகிவிட்டேன். உன்னிடம் டியூஷனுக்கு வந்த பொடிசுகளோடு உட்காரவைத்து நீ கணக்கு சொல்லிக்கொடுத்தும் தேறாத அதே ஆள்தான்.

உனக்குப் பயிற்சி கொடுக்க வருவாரே, பிசியோதெரபி டாக்டரம்மா, அவர்தான் கூப்பிட்டார். "பாலாநகர் கம்பெனியில ரிடையரும் ஆயாச்சு, அக்காவும் போயாச்சு. வீட்டுல உட்கார்ந்து என்ன செய்யறீங்க?" என்று நேராகவே கேட்டார். தார்னாகா பக்கம் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு நடத்துகிறார். வீல்சேரில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான வகுப்பு. கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வருகிறார்கள், மனைவிமார் வருகிறார்கள், அம்மாவைக் கவனிக்கும் மகன்கள் வருகிறார்கள். உடம்பு சம்பந்தப்பட்டதை டாக்டரம்மா சொல்வார். ஏற்றுவது, இறக்குவது, தள்ளுவது எல்லாம் நான் செய்து காட்ட வேண்டும்.

முதல் பாடமாக உன் சட்டத்தைத்தான் வைத்தேன். கேட்காமல் பிடியைத் தொடாதே. இந்த ஊர் உருதுவில் ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்பார்களே, நீ அதைச் சொன்ன பிறகுதான் சக்கரம் நகரும், அதற்கு முன்னால் நகர்த்தினால் பிரேக்கைப் போட்டுவிடுவாய். செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒருமுறை அப்படிப் போட்டுக்கொண்டு, ரயில் போனாலும் போகட்டும் என்று நடு பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தாயே. அந்தக் கதையைச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. சிரித்துவிட்டு அடுத்த நிமிடமே ஒருவர் கேட்காமல் இன்னொருவரைத் தள்ளிக்கொண்டு போகிறார். பாசம் கூடக்கூட நம் ஆட்களுக்கு வாய் மூடிக்கொள்கிறது, கை மட்டும் வேலை செய்கிறது.

கலைவாணி என்று ஒரு பெண் வகுப்புக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கணவன் செந்திலுக்கு இங்கே ஐ.டி. வேலை. பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பின்னால் கனம் மாட்டினால் கவிழும் என்று நான் சொல்லியும், முதல் நாளே காய்கறிப் பையை வகுப்பு வீல்சேரின் பின்பிடியில் மாட்டினாள். அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலி மல்லாந்து விழுந்து தக்காளி ஹால் முழுக்க ஓடியது. "நீங்க சொல்லும்போது நம்பல அண்ணாச்சி, இப்ப நம்புதேன்" என்று குனிந்து பொறுக்கினாள்.

வகுப்பு முடிந்த பிறகும் அவள் போகவில்லை.

"அவுக வாசலத் தாண்ட மாட்டேங்காக அண்ணாச்சி. வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிருவோம், அம்மா வீட்டுல ஒரு கட்டில்ல கிடந்துக்கிடுதேன்னு சொல்லுதாக. முப்பத்திரெண்டு வயசுல கட்டில்ல கிடக்கேன்னு சொன்னா நான் என்ன செய்ய?"

காரணத்தையும் அவளே சொன்னாள். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் அவனை ஒரு கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். படியில் நின்றவர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியோடு தூக்கியிருக்கிறார்கள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை வைத்துக்கொள்ளும் பக்கப்பிடியைப் பிடித்தவர் கையோடு அது கழன்று வந்துவிட்டது. பெற்ற மகள் பார்க்க அவன் தெருவில் விழுந்தான். நல்ல மனசோடு தூக்கியவர்கள்தான் அத்தனை பேரும். யாரைத் திட்டுவது, சொல்.

வீட்டில் இருக்கும் நாற்காலி எப்படி என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் இருப்பது போல அகலமானது, பாத்ரூம் கதவுக்குள் நுழையாது என்றாள். அப்போதே உன் நாற்காலி என் மனதில் வந்து நின்றுவிட்டது. வராத மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதன் எதிரில் உட்கார்ந்து உன்னிடம் சண்டை போட்டேன். எனக்கு மனசே இல்லை, அக்கா. இன்னொருவர் அதில் உட்கார்ந்தால் நீ போய்விட்டாய் என்பது ஊருக்கே உறுதியாகிவிடும் போல இருந்தது.

ஆனாலும் ஒரு காலையில் எடுத்துக்கொண்டு போனேன். கலைவாணி வீடு நம் தெருவிலிருந்து தூரமில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆள் இல்லாத நாற்காலி நேராகப் போகாது என்பது உனக்குத் தெரியுமா? இடது பக்கமாகவே இழுத்தது. நீ உட்கார்ந்திருந்த வரைக்கும் அது ஒருநாளும் இழுத்ததில்லை. வழியில் உன் மளிகைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் எழுந்து நின்றார்.

செந்திலுக்கு நல்ல தாடி, கோபமான கண். "வெளிய எல்லாம் வேண்டாம் சார். தூக்குறதுக்கு நாலு பேரு, பாக்குறதுக்கு நாப்பது பேரு. போதும்" என்றான். வெளியே கூப்பிட வரவில்லை, இது என் அக்காவின் நாற்காலி, ஒல்லியானது, வீட்டுக்குள் மட்டும் ஓட்டிப் பார் என்றேன். அவனுக்கென்று வாங்கிய மெத்தையைப் போட்டு, கால் வைக்கும் தட்டை இறக்கிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சக்கரத்தை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு தானே ஓட்டிக்கொண்டு போனான். பாத்ரூம் கதவுக்குள் இடிக்காமல் நுழைந்தான். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"கீழ கேட் வரைக்கும் போய்ப் பாப்பமா?" என்றாள் கலைவாணி, எங்கோ பார்த்துக்கொண்டு. "கேட் வரைக்கும்தான்" என்றான் அவன்.

லிஃப்டில் இறங்கி வந்தால், கார் நிறுத்தும் இடத்திலிருந்து கேட்டுக்குச் செங்குத்தான இறக்கம். எங்களைப் பார்த்ததும் வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள், தூக்கத்தான். செந்தில் பிரேக்கை இழுத்துப் போட்டான். "மேல போயிருவோம்" என்றான். கலைவாணி என்னைப் பார்த்தாள். அவன் அன்றைக்கு மேலே போயிருந்தால் அடுத்து ஊருக்கு ரயில்தான், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வந்தவர்களைக் கையமர்த்தினேன். எப்போதும் போலப் பின்னால் போய் நின்றேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது.

"அக்கா, செங்குத்தா இறக்கம் இருக்கு. திருப்பி, பின்பக்கமா இறக்கறேன். போலாமா?"

தாடிக்காரனைப் பார்த்து, அக்கா! கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது, தப்பித்தேன். செந்தில் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். கலைவாணிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனுக்கும் தாடி துடித்தது, பிறகு வாய்விட்டே சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை மாதமாகியிருந்ததோ, அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

சிரித்து முடித்துவிட்டு அவன் பிரேக்கை எடுத்தான்.

"சரி தம்பி. போலாம்" என்றான்.

என் பாதி வயது அவனுக்கு. விளையாட்டுக்குத்தான் சொன்னான். நாற்காலியைத் திருப்பினேன். ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து, அவன் பாரத்தை என் மேல் வாங்கிக்கொண்டு இறக்கினேன். நாற்காலியில் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது. அதனால் அழுதுகொண்டே இறங்கினேன், அக்கா. வகுப்பில் எல்லோருக்கும் நான் சார். கலைவாணிக்கு அண்ணாச்சி, தெருப் பிள்ளைகளுக்கு அங்கிள். தம்பி என்று கூப்பிட உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். அந்தச் சொல்லை நீ கையோடு கொண்டுபோய்விட்டாய் என்றே நினைத்திருந்தேன்.

கேட் வந்தது. அவன் நிற்கவில்லை. பிடியை விடச் சொல்லிவிட்டுத் தெருவில் தானே ஓட்டினான், மூலைக் கடையில் மூன்று டீ சொன்னான். வேலையைப் பற்றி அன்றைக்கு எதுவும் பேசவில்லை. நேற்று கலைவாணி போன் செய்தாள். ஆபீஸ் வாசலில் எத்தனை படி, ரேம்ப் இருக்கிறதா என்று யாரிடமோ அவன் விசாரித்துக்கொண்டிருந்தானாம்.

அவன் அளவுக்குப் புதியது செய்து வரும்வரை உன் நாற்காலி அங்கேதான் இருக்கும். உன் மெத்தையை மட்டும் கொடுக்கவில்லை. ஒருவர் மெத்தை இன்னொருவர் உடம்புக்கு ஆகாது, டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அது என் கட்டிலில், தலைமாட்டில் இருக்கிறது. இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்லேன், கேட்கிறேன். ஒரே ஒரு தடவை சொல்லேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அந்த நாற்காலி திரும்பி வந்தாலும் வீட்டில் சும்மா நிற்காது, தேவைப்படும் அடுத்த வீட்டுக்குப் போகும், நானும் கூடப் போவேன். யார் உட்கார்ந்தாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். அப்படிக் கேட்கும்போது அவர்களில் யாரையாவது மறுபடியும் அக்கா என்று கூப்பிட்டுவிட்டால், திருத்திச் சொல்ல மாட்டேன்.

இன்னும் உன் பின்னாலேயே நிற்கும்,
உன் தம்பி