ராசம்மா பேருக்கு நான் கொடுத்த குரல்

திங்கள். பனி. எதிர்க்கடை தெரியவில்லை.

ஆபீசில் நான் போட்ட தேத்தண்ணி நாலு. சீனி முடியப்போகுது. தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து நிறுவையை போனில் பதிகிற சாப்ட்வேர் விற்கிற கம்பனி. யார் யார் இன்னும் பாவிக்கிறார்கள் என்று பார்த்து, பழைய பேர்களைக் கழித்துக் கொழும்புக்கு அனுப்புவது தர்ஷினி மிஸ் வேலை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முகத்தை வைத்தே பாலைத் திரைய வைக்கலாம்.

இன்று என்னிடம் கேட்டுக் கேட்டு வாசித்தது தோட்டத்து மேல் டிவிசன் பேர்கள். நான் இருந்த இடம். மண் சரிந்து மூடி இரண்டு வருசம். "ராசம்மா" என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அவள் பிந்தினால் நான்தான் குரல் கொடுப்பேன். "வந்திருக்காங்க" என்றேன். மிஸ் சரி போட்டுவிட்டார். ராசம்மா மண்ணோடு போனவள். விளையாட்டு என்று சொல்லுமுன் மிஸ்ஸுக்கு போன் வந்துவிட்டது.

செவ்வாய். தூறல்.

சாயந்தரம் மிஸ் அன்றைய பதிவைக் காட்டினார். ராசம்மா, ஆறரைக்குப் பெரட்டு, பகல் நிறுவை பதினெட்டுக் கிலோ. மெசினுக்குக் கிறுக்கு என்று சிரித்தேன். அவள் எப்பவும் பதினெட்டுதான்.

புதன்.

"அக்கா, நீங்கள் சொன்ன ஆள் இண்டைக்கும் வந்திருக்கிறா" என்றார் மிஸ். அங்கே ரோடே இல்லை. வெறும் காடு. மிஸ் அழித்தார், திரும்ப வந்தது. மூன்று தரம். கொழும்புப் பெரியவர் போனில் சத்தம்: வெள்ளிக்குள் லிஸ்ட் சரியில்லை என்றால் மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரமில்லை. மிஸ் சாப்பிடவில்லை.

வியாழன். மழை. துணி காயவில்லை.

"வந்திருக்காங்க" என்றது விளையாட்டுக்கு என்று சொன்னேன். மிஸ் ஏசவில்லை. "வந்தவ எண்டு சொன்னது நீங்கள். இல்லை எண்டும் நீங்கள்தான் சொல்ல வேணும்."

வெள்ளி.

மிஸ் பேரை வாசித்தார். "இல்லைங்க. ராசம்மா செத்துட்டா." இரண்டு வருசத்தில் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. மிஸ் அழித்தார். திரும்ப வரவில்லை. லிஸ்ட் போய்விட்டது. மிஸ்ஸுக்கு வேலை நிலைத்தது.

சனி. ஆறரை. பனி.

லீவு. அடுப்பு மூட்டும்போது வாசலுக்கு அந்தப் பக்கம் என் பேர். "பாக்கியம்." பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளை இழுப்பது போலவே. எட்டிப் பார்த்தேன், பனிதான். குரல் கொடுத்தால் நானும் அந்தப் பக்கம் வந்தவள் ஆகிவிடுவேன், வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது இரண்டாவது தரம். பெரட்டில் மூன்று தரம் கூப்பிடுவார்கள். அதற்கும் குரல் இல்லையென்றால் ராசம்மா பேரைப் போல வெட்டிவிடுவார்கள்.