சயாம் ரயிலுக்கு ஆள் எடுத்த வாரம்

ஜூன் 10, செவ்வாய்

காற்று. ஆனி பிறக்கவில்லை, அதற்குள் இந்த ஆட்டம். கொடியில் கிடந்த துணியெல்லாம் புழுதி.

மருந்துக் கடையில் கூட்டம் இல்லை. இருமல் டானிக் மட்டும் போகிறது. இவருக்கும் ஒன்று எடுத்து வந்தேன். நான்காவது பாட்டில்.

செய்தி: சினிமாவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட்ட காலத்துக் கதை. நம் ஆட்களைக் கூலிகளாகக் கொண்டுபோய்ச் சாகடித்தானே, அது. ஏஜென்ட் சேகர் தறித் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினான். தொப்பை உள்ளவன் எல்லாம் வெளியே. எடுத்த நாற்பது பேரில் இவர் பெயர்தான் முதல். "அண்ணாச்சி ஒருத்தருக்குத்தான் மேக்கப்பே வேண்டாம்" என்றானாம். இவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். இருபத்திரண்டு வருஷம் தறியை மட்டும் பார்த்து நின்ற மனுஷன்.

ஜூன் 11, புதன்

வேன் காலை ஐந்தே முக்காலுக்கு. குருவிகுளம் பக்கம் தரிசில் மூங்கில் கொட்டகை, அதுதான் முகாம். காடு எங்கே என்றேன். பச்சைத் துணி கட்டியிருக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் முளைக்குமாம். நம் பக்கம் அப்படியாவது முளைக்கட்டும்.

- கேஸ் பதிவு
- மாவு அரைக்க
- இவருக்குப் பனியன் 2 (இருப்பது எல்லாம் தோளை விட்டு இறங்குகிறது)

ஜூன் 13, வெள்ளி

காலையில் சோறு வடிக்கும்போது முழுக்கதையும் சொன்னார். ஹீரோ ஜப்பான்காரனை எதிர்க்கும் ரகசியப் படையின் ஒற்றன், கூலி வேஷத்தில் முகாமுக்குள். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ். காதல். பாலத்துக்கு வெடி வைக்க அவன் கிளம்புகிறான். போனால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று நர்ஸே அவனை முகாம் காவலரிடம் காட்டிக் கொடுத்துவிடுகிறாள், உள்ளே கிடந்தாலாவது உயிர் தங்குமாம்.

"என்ன பொம்பள அவ" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

இவருக்கு ஒரு வசனம் உண்டு. சாகக் கிடக்கும் கூலி, நர்ஸின் கையைப் பிடித்து, "பாலத்துக்கு நாளைக்குப் போறாங்கம்மா" என்று சொல்லிக் கண்ணை மூட வேண்டும். பத்து தடவை சொல்லிக் காட்டினார். பத்து தடவையும் வசனத்துக்கு முன்னால் இருமல்.

"டைரக்டரு இருமலயும் வச்சிக்கிடச் சொல்லிட்டாரு. நடிப்புன்னு நெனைச்சிட்டாரு." சிரித்தார். நானும் சிரித்தேன், பாவி.

ஜூன் 15, ஞாயிறு

கடை லீவு. படப்பிடிப்பு பார்க்கப் போனேன். கொளுத்துகிற வெயில். இன்று கூலிகள் செத்துக் கிடக்கும் காட்சி. வரிசையாகப் படுக்க வைத்து எடுத்தார்கள். முடிந்ததும் ஒரு வழக்கம். பிணமாகப் படுத்தவர்கள் கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். இல்லாவிட்டால் ஆகாதாம்.

ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். இவர் முறை வந்தது. டைரக்டர் பார்க்கிற டிவியில் இவர் முகம் மட்டும், பெரிதாக. கன்னத்தில் எலும்பு. சிரிக்கச் சிரிக்கக் கழுத்துக் குழி உள்ளே போகிறது. யாரோ ஒரு கிழவர்.

பக்கத்தில் நின்ற மேக்கப் பெண், "இவருக்கு நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க" என்றாள்.

பதினோரு வருஷம் மருந்துக் கடையில் நிற்கிறேன். இரண்டு வாரம் இருமினால் டாக்டரிடம் போ என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். வீட்டில் இருக்கிறவருக்கு நான்கு பாட்டில் டானிக். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

இன்று இவருக்குக் காட்சி இல்லை. அழுது, சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். எக்ஸ்ரே. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக இருமல்? "ரெண்டு வாரம்" என்கிறார் இவர். ஆறு மாதம் என்றேன் நான்.

"டி.பி.யா இருக்கலாம். வேறயாவும் இருக்கலாம். நாளைக்கே பாளையங்கோட்டை போயிருங்க. அதுவரைக்கும் கூட்டத்துல சேர வேண்டாம்."

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டார். "நாளைக்குத்தான் என் வசனம்ட்டி. புதன்கெழம போவோம்."

"நாளைக்கேன்னு சொன்னாங்கள்ளா."

"ஆறு மாசம் பொறுத்தது ஒரு நா பொறுக்காதா? தறியில நின்னப்ப எவன் பாத்தான்? அங்கன படுத்துக் கெடந்தா அம்புட்டு பேரும் என்னையத்தான் பாக்காங்க."

புதன் வியாழனாகும், இவரை எனக்குத் தெரியும். வேனில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு. அதில் மூன்று பேர் வீட்டில் கைக்குழந்தை.

சாயங்காலம் இவர் முடிவெட்டப் போயிருந்தபோது சேகருக்குப் போன் போட்டேன். எக்ஸ்ரே, டாக்டரம்மா சொன்னது, எல்லாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்பதையும். "ஐயோ அக்கா" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

இரவு சாப்பாடு: ரசம், துவையல்.

ஜூன் 17, செவ்வாய்

ஐந்து மணிக்கே குளித்துவிட்டார். குளியலறையிலிருந்து வசனம் கேட்டது. இன்று குரல் நன்றாக இருந்தது. சட்டை மாட்டி, விபூதி பூசி, வாசலில் போய் நின்றார்.

வேன் வந்தது. எங்கள் வீட்டு முன்னால் நிற்கவில்லை. உள்ளே இருந்து யாரோ கையை ஆட்டினார்கள். முன் சீட்டில் சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

தெருவில் நின்றே அவனுக்குப் போன் போட்டார். பேச்சு கொஞ்சம்தான். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். வேறு ஆள் போட்டுவிட்டார்களாம்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டாம்ட்டி." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஆமாம் என்றேன். பாளையங்கோட்டைக்கு எட்டரை பஸ்.