பக்கெட்டில் பூத்த கண்ணுப்பீளை

அண்ணி,

இன்றைக்குப் போகி. காலையில் கற்பூரம் ஏற்றினேன், அந்த வாசனைக்கே நீங்க வந்து நின்ற மாதிரி இருந்தது. முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் பொறுக்காது. பெரிய பேரனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டது. பேத்தி நர்சு படிப்பை முதல் வகுப்பில் முடித்துவிட்டாள். அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது, அப்படி ஒரு கை. கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கப்பில் என் மருமகள் கடுகு கொட்டி வைத்திருக்கிறாள். இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. அது மொட்டை மாடியில் பக்கெட்டில் வளர்கிறது. நம்ம கண்ணுப்பீளைதான்.

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு, வாசலில் கட்டப் பீளைப்பூ பறிக்கவென்று கோட்டை மலை அடிவாரத்துக்கு என்னைக் கூட்டிப்போனீங்க. நான் வெள்ளையாகப் பூத்திருந்ததை எல்லாம் மடி நிறையப் பறித்துவந்து காட்டினேன்.

"இன்னாமே, பொண்ணு அஞ்சாவது படிச்சிருக்குதுன்னாங்க. இது தும்பை."

"அஞ்சாவதுல பீளைப்பூ பாடம் வெக்கல அண்ணி."

பாறைமேல் உட்கார்ந்து சிரித்தீங்க. அப்புறம் ஒரு செடியைத் தொட்டுக் காட்டினீங்க. இலை, விபூதி பூசினாற்போல் வெள்ளி நிறம். தடவினால் பூனைக்குட்டி காது. இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பஞ்சு ஒட்டினாற்போல் பூ. "அப்பவும் சந்தேகமா இருந்தா ஒண்ணப் புடுங்கி வேர மோந்து பாரு" என்றீங்க. கற்பூர வாசனை வந்தது.

அந்த இடமெல்லாம் இப்போது பிளாட்டு. நீங்க கடைசியாகக் கட்டின கொத்து மட்டும் வாசலிலேயே காய்ந்து கிடந்தது. போன போகிக்கு அதை இறக்கினேன். நெருப்பில் போடக் கை வரவில்லை. உங்கள் கை பட்ட பூ, அதோடு முடிந்துவிடக் கூடாதே என்று பக்கெட்டு மண்ணில் கசக்கித் தூவினேன்.

முளைத்தது அண்ணி. சந்தோஷத்தில் சாண எருவும் அரிசி கழுவின தண்ணியும் மாற்றி மாற்றி ஊற்றினேன். ஆடி வந்தபோது முருங்கைக் கன்று மாதிரி பச்சையாக நெட்டுக்கு நின்றது. வெள்ளியும் இல்லை, பூவும் இல்லை. எனக்கே அது பீளைதானா என்று குழப்பம். என் மருமகள் துணி காயப்போட வந்தவள், "அத்தே, இந்தக் களைக்கா தெனம் மாடி ஏர்றீங்க?" என்று ஒன்றைப் பிடுங்கியே விட்டாள். அவள் கையிலிருந்து வாங்கி வேரை முகர்ந்தேன்.

கற்பூரம்.

அவள் மூக்கிலும் வைத்தேன். "அட ஆமா அத்தே" என்றாள். அப்போதுதான், பீளைக்கென்று நான் சாணம் அள்ளும்போதெல்லாம் நீங்க திட்டுவது ஞாபகம் வந்தது. "அதுக்கு விருந்து வெக்காத. கல்லும் வெயிலும் போதும்." மிச்சம் இருந்த இரண்டு செடியையும் சரளை மண்ணுக்கு மாற்றி, நல்ல வெயிலில் வைத்து, பெய்கிற மழை போதும் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கார்த்திகையில் புதுத்துளிர் வெள்ளியாக வந்தது. மார்கழியில் கணுவுக்குக் கணு பஞ்சு.

இன்றைக்கு வேப்பிலையோடு சேர்த்து வாசலில் கட்டிவிட்டோம். மருமகள்தான் கட்டினாள். கோடையில் கருகினாலும் மழைக்குத் தூரிலிருந்து துளிர்க்கும் என்று சொல்வீங்களே, அதை நம்பி வேரை அப்படியே விட்டு மேலாகத்தான் கிள்ளினோம். இப்போதெல்லாம் எந்தச் செடியைப் பார்த்தாலும் கை வேருக்குத்தான் போகிறது அண்ணி, உங்கள் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு கொத்து உங்கள் படத்துக்கும் வைத்தேன். அது ரேஷன் கார்டுக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டே இருக்கீங்க. நம்ம செடி பூத்தபிறகும் அந்த மூஞ்சி எதற்கு? அங்கே போட்டோ கடை இருந்தால், அன்றைக்குப் பாறைமேல் சிரித்தீங்களே, அதே மாதிரி புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்க.